அடுத்த வாய்தா எப்போ சார்?

கோர்ட்டு தாமதம்னு பேச்செடுத்தா போதும். டீக்கடை பெஞ்சிலிருந்து டிவி விவாதம் வரைக்கும் ஒரே பதில்தான் வரும், "ஜட்ஜுங்க பத்தலை சார்." பத்தலைங்கறது நிஜம்தான், மறுக்கலை. 1987லயே சட்ட ஆணையம் தன்னோட 120வது அறிக்கையில, பத்து லட்சம் மக்களுக்கு பத்தரை நீதிபதிதான் இருக்காங்க, அதை ஐம்பதா உயர்த்தணும்னு எழுதி வெச்சுது. 2002ல உச்ச நீதிமன்றம் அதையே எடுத்து, அஞ்சு வருஷத்துல ஐம்பதுக்குக் கொண்டு வாங்கன்னு சொல்லிச்சு. இன்னமும் இருபத்துச் சொச்சத்துலதான் நிக்குது. இந்த வேகத்துல ஐம்பதை நம்ம பேரப்பசங்க பார்க்கலாம். :-)

அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமாங்கறதுதான் என் கேள்வி. மாவட்ட, தாலுகா கோர்ட்டுகள்ல மட்டும் நாடு முழுக்க நாலு கோடிக்கு மேல வழக்குங்க தேங்கிக் கிடக்கு. இருக்கற ஜட்ஜோட ஒரு நாள் எப்படிக் கரையுதுன்னு யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கோமா? நான் பார்த்திருக்கேன். ஒருநாள் நீங்களும் ஏதாவது ஒரு முன்சீப் கோர்ட்டுல பின்வரிசை பெஞ்சுல உட்கார்ந்து பாருங்க. டிக்கெட் கிடையாது, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

காலைல பத்தரைக்கு ஜட்ஜ் வந்து உட்காருவார். அன்னிக்கு லிஸ்ட்ல அறுபது எழுபது கேஸ் இருக்கறது சர்வ சாதாரணம். டவாலி வாசல்ல நின்னு வாதி பேரு, பிரதிவாதி பேருன்னு மூணு தடவை கூப்பிடுவார். உள்ளே கேஸ் கட்டு ஒண்ணொண்ணா ஜட்ஜ் மேஜைக்குப் போகும். "பதில் மனுவுக்கு டைம் வேணும்." சரி. அடுத்தது. "சம்மன் இன்னும் சார்வு ஆகலை, பேட்டா கட்டறோம்." சரி. அடுத்தது. "சீனியர் சப் கோர்ட்டுல இருக்கார்." சரி. அடுத்தது. "சாட்சிக்கு உடம்பு சரியில்லை." சரி. ஒவ்வொண்ணுக்கும் பெஞ்ச் கிளார்க் ஒரு தேதி சொல்வார், குமாஸ்தா டைரியில குறிச்சுப்பார், கட்சிக்காரர் ஒண்ணும் புரியாம வக்கீல் முகத்தைப் பார்ப்பார். வெளியே வந்ததும் அவர் கேக்கற ஒரே கேள்விதான் இந்தப் பதிவோட தலைப்பு.

இது முடியறதுக்கே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துடும். மிச்சமிருக்கற நேரத்துலதான் உண்மையான வேலையான குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம். கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம், அதாவது முந்நூறு நிமிஷம். அறுபது கேஸ்னா ஆளுக்கு அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல ஒரு கேஸைத் தள்ளி வைக்கலாம், நடத்த முடியாது.

அப்போ ஏன் அறுபது கேஸ் போடறாங்க? முப்பது போட வேண்டியதுதானே? இங்கதான் சங்கதியே இருக்கு. ரிசப்ஷன் ஆறு மணிக்குன்னு கல்யாணப் பத்திரிகையில போடுவாங்க. ஏழரைக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர மாட்டாங்கன்னு நமக்குத் தெரியும், அதனால நாம எட்டு மணிக்குப் போவோம். நாம எட்டு மணிக்குத்தான் வருவோம்னு அவங்களுக்கும் தெரியும், அதனால மேக்கப்பை மெதுவாப் போடுவாங்க. கோர்ட்டும் அப்படித்தான் ஓடுது. அறுபதுல முக்காவாசி ரெடியா இருக்காதுன்னு தெரிஞ்சே கோர்ட்டு அறுபதைப் போடுது. அறுபது இருக்கறப்போ நம்ம கேஸ் எங்க வரப்போகுதுன்னு வக்கீல் தயாராகாம வர்றார். சாட்சிக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை பஸ் காசு செலவு பண்ணி வந்து சும்மா திரும்பிப் போன அனுபவம். மூணாவது தடவை அவர் வர்றதே இல்லை. யாரும் ரெடியா இல்லாததால லிஸ்ட்டை இன்னும் நீட்டமாப் போடறாங்க. இந்தச் சக்கரத்துல யாரையும் தனியா வில்லன்னு சொல்ல முடியாது. ஆனா சக்கரம் நிக்கறதும் இல்லை.

எங்க தெருவுல ஒரு அம்மா இருக்காங்க. அப்பா உயில் எழுதாம போயிட்டார். ஒரு வீடு, ரோட்டோரமா நாலு கடை. ரெண்டு அண்ணன்கள். "பொட்டப்புள்ளைக்கு என்ன பங்கு"ன்னு பெரியவர் சொல்லிட, 2009ல பாகப்பிரிவினை வழக்கு போட்டாங்க. அப்போ அவங்களுக்கு நாற்பத்தி நாலு வயசு. பதில் மனு வரவே ஒன்றரை வருஷம் ஆச்சு. நடுவுல சின்ன அண்ணன் தவறிட்டார், அவரோட வாரிசுகளைச் சேர்க்கறதுக்கு ஒரு மனு. அந்த வாரிசுகள்ல ஒருத்தர் வெளியூர், சம்மன் போய்ச் சேரவே காலம் போச்சு. அப்புறம் ஒரு ஐ.ஏ., அதுக்கு ஒரு கவுண்டர், அதுக்கு ஒரு உத்தரவு, அதுமேல ஒரு ரிவிஷன். மூணு ஜட்ஜ் மாறினாங்க. மூணாவது ஜட்ஜ் முன்னாடி முடிஞ்ச வாதத்தை நாலாவது ஜட்ஜ் முன்னாடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. 2017ல முதல்நிலைத் தீர்ப்பு. மூணுல ஒரு பங்கு அவங்களுக்குன்னு தெளிவா எழுதியாச்சு.

ஜெயிச்சாச்சுன்னு தெருவுக்கே லட்டு கொடுத்தாங்க. பாவம், பாகப்பிரிவினையில அது பாதிக் கிணறுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. முதல்நிலைத் தீர்ப்புல யாருக்கு எத்தனை பங்குன்னுதான் இருக்கும். எந்தச் சுவரு யாருக்கு, எந்தக் கடை யாருக்குன்னு பிரிக்கறதுக்கு இறுதித் தீர்ப்பு தனியா வேணும். அதுக்குத் தனி மனு, கமிஷனர், சர்வேயர், அளவு, அளவுக்கு ஆட்சேபணை... இன்னொரு வழக்கே போட்ட மாதிரிதான். அதுக்கு நடுவுல அப்பீல் வேற. இப்போ அவங்களுக்கு அறுபது தாண்டியாச்சு. போன தடவை பார்த்தப்போ, "தம்பி, இந்த ஈகோர்ட்ஸ் ஆப்புல என் கேஸைப் பார்த்துச் சொல்லேன்"ன்னாங்க. பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டா மொத்த ஜாதகமும் வருது, ஒவ்வொரு தேதியும், எதுக்காகத் தள்ளி வெச்சாங்கங்கறதும். நூறு தாண்டினதும் எண்ணறதை விட்டுட்டேன்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. தாமதத்தால எல்லாருக்கும் நஷ்டம்னு எல்லாரும் எழுதறாங்க. யார் சொன்னது? பெரிய அண்ணன் அந்த வீட்டுலதான் குடியிருக்கார். நாலு கடை வாடகையும் மாசாமாசம் அவர் கைக்குத்தான் போகுது. அவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மாச வாடகை. வக்கீல் ஃபீஸ் போக மிச்சம் லாபம். சொத்து யார் கையில இருக்கோ அவருக்குக் கேஸ் ஜெயிக்கணும்னு அவசியமே இல்லை, முடியாம இருந்தாப் போதும். நம்ம சிவில் கோர்ட்டு இவருக்கு வாடகை வசூல் பண்ணிக் கொடுக்கற மாதிரிதான் நடக்குது. ஜட்ஜ் எண்ணிக்கையை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் இந்த ஆசை குறையாது. வாய்தா கேக்கறது விலை உயர்ந்த காரியமா மாறணும்.

அதுக்குச் சட்டம் இல்லையான்னு கேட்டா, தாராளமா இருக்கு. அதான் எரிச்சலே. சிவில் நடைமுறைச் சட்டத்துல 1976லயே 35பி-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்துட்டாங்க. தாமதம் பண்றவர் எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டணும், கட்டாட்டி மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது. 2002 ஜூலை 1லேர்ந்து அமலுக்கு வந்த திருத்தத்துல, விசாரணையில ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கிடையாதுன்னு வந்துது. பதில் மனு முப்பது நாள், போனாப் போகுதுன்னு தொண்ணூறு நாள். வக்கீல் வேற கோர்ட்டுல இருக்கார்ங்கறது வாய்தாவுக்குக் காரணமே இல்லைன்னு அச்சடிச்சு வெச்சிருக்கு. அதாவது, நான் மேலே எழுதின "சீனியர் சப் கோர்ட்டுல இருக்கார்"ங்கறதைச் சட்டம் பேர் சொல்லியே தடுத்திருக்கு! தினமும் ஊர் ஊரா அதையேதான் சொல்லிக்கிட்டும் இருக்கோம்.

இந்தத் திருத்தங்களோட கதையில நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. வக்கீல்கள் இதை எதிர்த்து நாடு முழுக்கக் கொடி பிடிச்சாங்க. உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்குக்குப் பேரே சேலம் வக்கீல்கள் சங்கத்தோட பேர்தான். 2002 அக்டோபர்ல, திருத்தம் செல்லும்னு சொல்லிட்டு, இதை நடைமுறைப்படுத்தறது எப்படின்னு பார்க்க நீதிபதி ஜகன்னாத ராவ் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டி கொடுத்ததுல ஒண்ணுதான் வழக்கு ஓட்ட மேலாண்மைக்கான மாதிரி விதிகள். 2005 ஆகஸ்ட்ல வந்த ரெண்டாவது சேலம் தீர்ப்புல அது அப்படியே இருக்கு. தடுக்கப் போன வக்கீல் சங்கத்தோட பேர்லயே நாட்டுக்கு ஒரு காலண்டர் கிடைச்சுது பாருங்க!

அந்த விதிகள் சொல்றது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வழக்கு வந்ததும் தரம் பிரிங்க. ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருக்கணுங்கறது, வாடகை பாக்கி மாதிரி ஆட்கள் அவதிப்படற வழக்குகள் முதல் தடத்துல, ஒன்பது மாசத்துல முடிக்கப் பாருங்க. விவாகரத்து, குடியிருப்பைக் காலி பண்ற வழக்கு, தீர்ப்பை நிறைவேத்தற மனு எல்லாம் ரெண்டாவது தடம், பன்னெண்டு மாசம். பாகப்பிரிவினை, கிரய ஒப்பந்த வழக்குகள் மூணாவது தடம், இருபத்தி நாலு மாசம். எங்க தெரு அம்மா வழக்கு போட்டது இந்த விதிகள் வந்து நாலு வருஷம் கழிச்சு. காகிதப்படி 2011ல முடிஞ்சிருக்கணும்.

என்ன ஆச்சு? அதே 2005 தீர்ப்புலயே மூணு வாய்தாங்கறது இரும்பு விதி கிடையாது, தவிர்க்க முடியாத கஷ்டம்னா கோர்ட்டு கூடுதலாக் கொடுக்கலாம்னு சொன்னாங்க. அதே வருஷம், தொண்ணூறு நாள் கெடுவும் கட்டாயமில்லைன்னு ஆச்சு. இதுல தப்பில்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஒரு ஏழை விவசாயி தொண்ணூத்தி ஒண்ணாவது நாள் வந்தார்னு அவர் நிலத்தைப் பிடுங்கிக் கொடுக்க முடியுமா? விதிவிலக்கு வேணும். கோளாறு எங்கன்னா, "விதிவிலக்கா இது தகுமா"ன்னு பார்க்கறதுக்கு அந்த அஞ்சு நிமிஷத்துல யாருக்கும் நேரமில்லை. மறுத்து உத்தரவு எழுத ஒரு பக்கம் எழுதணும், மேலே ரிவிஷன் போகும். தேதி கொடுக்க ஒரு வார்த்தை போதும். நீங்க அந்த நாற்காலியில இருந்தா என்ன பண்ணுவீங்க?

உச்ச நீதிமன்றமும் இதுக்கு விதிவிலக்கு கிடையாது. 2023ல தலைமை நீதிபதியே நவம்பர் மாசம் கோர்ட்டுல சொன்ன கணக்கு, செப்டம்பர் அக்டோபர் ரெண்டு மாசத்துல மட்டும் தள்ளி வைக்கச் சொல்லி வந்த சீட்டுகள் 3,688. நாட்டுலயே மூத்த வக்கீல்கள் நிக்கற இடத்துல இந்த நிலைமை.

இப்போ என்னோட உண்மையான கோபத்துக்கு வர்றேன்.

2015ல வணிக நீதிமன்றச் சட்டம் கொண்டு வந்தாங்க. முதல்ல ஒரு கோடிக்கு மேல உள்ள வியாபாரத் தகராறுக்கு, 2018லேர்ந்து மூணு லட்சத்துக்கு மேல இருந்தாலே போதும். அதுல வழக்கு மேலாண்மைக் கூட்டம்னே ஒண்ணு வெச்சிருக்காங்க. ஆரம்பத்திலேயே ஜட்ஜ் ரெண்டு தரப்பையும் உட்கார வெச்சு, எது எதுல தகராறு, எத்தனை சாட்சி, யாரை எந்தத் தேதியில விசாரிக்கணும், வாதம் எப்போன்னு முழு அட்டவணையும் போடணும். முதல் கூட்டத்திலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள வாதம் முடியணும். பதில் மனு 120 நாளைத் தாண்டினா அவ்வளவுதான், உரிமையே போச்சு. 2019ல உச்ச நீதிமன்றமும் இதுல தளர்வே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லிடுச்சு. இப்படி எழுதி வெச்சதாலேயே வணிகக் கோர்ட்டுல எல்லாம் ஆறு மாசத்துல முடிஞ்சுடுதுன்னு நான் சொல்ல வரலை. ஆனா காலண்டர் போட்டே ஆகணுங்கற கட்டாயம் அங்க சட்டத்துல இருக்கு.

அப்போ எப்படி வேகமா நடத்தறதுன்னு நமக்குத் தெரியாம இல்லை. ரெண்டு கம்பெனி சிமெண்டு பாக்கிக்குச் சண்டை போட்டா கால அட்டவணை. அப்பன் சொத்துல பங்கு கேட்டு ஒரு பொண்ணு வந்தா வாய்தா. தொழில் பண்ண ஏத்த நாடு பட்டியல்ல முன்னேறணும்னு முதலாளிகளுக்குப் பாதை போட்டவங்களுக்கு, பக்கத்து கோர்ட்டு ஹால்ல உட்கார்ந்திருக்கற அம்மா கண்ணுக்குத் தெரியலை. மகள்களுக்குப் பிதுரார்ஜித சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்தாச்சு, நாடு முழுக்க 2005ல. 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் மகளோட பங்கு பிறப்பாலேயே வர்றதுன்னு உறுதி பண்ணி, நிலுவையில இருக்கற இந்த மாதிரி வழக்குகளைக் கூடுமானவரை ஆறு மாசத்துல முடிங்கன்னும் கேட்டுக்கிச்சு. கேட்டுக்கிச்சு, அவ்வளவுதான். அட்டவணை போட்டுக் கொடுக்கலை.

2022 ஜூன்ல கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்குல இன்னொண்ணு சொன்னாங்க. பாகப்பிரிவினையில முதல்நிலைத் தீர்ப்பு கொடுத்ததும் கட்டை மூட வேண்டாம், தனி மனுவுக்குக் காத்திருக்காம கோர்ட்டே இறுதித் தீர்ப்புக்கான வேலையைத் தொடரணும்னு. அருமையான தீர்ப்பு. இது ஒண்ணு 2017ல நடைமுறையில இருந்திருந்தா அந்த அம்மாவோட லட்டுக்கு அர்த்தம் இருந்திருக்கும். இப்பவும் எத்தனை கோர்ட்டுல இதைத் தானா செய்யறாங்கன்னு வக்கீல் நண்பர்கள்தான் சொல்லணும்.

இறுதித் தீர்ப்பும் வாங்கியாச்சுன்னு வெச்சுக்குங்க. அப்புறம்தான் அமீனாவைப் பிடிச்சு நிறைவேத்தற படலம், அதாவது இ.பி. ஆறு மாசத்துல முடிக்கணும்னு 2021ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2025 மார்ச்ல, தமிழ்நாட்டிலேர்ந்து போன ஒரு பழைய சொத்து வழக்குல அதையே திரும்பச் சொல்லி, ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் கணக்கு எடுத்துக் கொடுங்கன்னாங்க. அக்டோபர்ல வந்த கணக்கு, நாடு முழுக்க 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் கிடப்புல. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான், எண்பத்தாறாயிரத்துச் சொச்சம். யோசிச்சுப் பாருங்க, இவங்க எல்லாரும் வழக்குல ஜெயிச்சவங்க! ஆனா அதுலயே இன்னொரு எண்ணும் இருக்கு. மார்ச்சுக்கு அப்புறம் அந்த ஆறேழு மாசத்துல மட்டும் 3.38 லட்சம் மனுக்கள் முடிஞ்சிருக்கு. மேலேர்ந்து யாரோ எண்ணிக்கிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சதும் கட்டு நகருது.

என்ன பண்ணலாம்னு கேக்கறீங்களா? வணிகக் கோர்ட்டுல இருக்கற அந்த முதல் கூட்டத்தை எல்லா சிவில் வழக்குக்கும் கொண்டு வாங்க, குறைஞ்சது பாகப்பிரிவினைக்காவது. தேதிகளை ரெண்டு வக்கீலோட டைரியையும் வெச்சுக்கிட்டே குறிங்க, அப்போ "வேற கோர்ட்டுல இருக்கார்"ங்கறதுக்கே இடமிருக்காது. வெறுமனே தேதி கொடுக்கற வேலையை ஜட்ஜ்கிட்டேயிருந்து பிடுங்குங்க. சம்மன் சார்வு ஆச்சா, பேட்டா கட்டியாச்சா, வாரிசு சேர்த்தாச்சாங்கறதைப் பார்க்க ஒரு நீதிபதியோட மூளை எதுக்கு? இதுக்காகவே 13வது நிதிக்குழு காலத்துல எம்.பி.ஏ. படிச்சவங்களைக் கோர்ட் மேனேஜரா போடப் பணம் ஒதுக்கினாங்க. பல இடங்கள்ல அவங்களை வருஷக்கணக்கா ஒப்பந்தக் கூலிக்கு வெச்சிருந்து, என்ன வேலை கொடுக்கறதுன்னே தெரியாம விட்டாச்சு. 2025 மே மாசம்தான் உச்ச நீதிமன்றம் அவங்களுக்கு முறையான பணி விதிகள் போடச் சொல்லி உத்தரவு போட்டுது. வாய்தாவுக்கு நூறு ரூபா, இருநூறு ரூபா செலவுத்தொகை போடறதையும் நிறுத்தணும். நாலு கடை வாடகை வாங்கறவருக்கு அது டீச்செலவு. எதிர்த்தரப்பு சாட்சிக்கு ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வக்கீலோட அன்றைய ஃபீஸ், இவ்வளவையும் கூட்டிப் போடுங்க. 35பி-ல அதுக்குத் தாராளமா இடமிருக்கு.

ஜட்ஜுகளை மதிப்பிடற யூனிட் முறையையும் கொஞ்சம் மாத்தணும். மாசத்துக்கு இத்தனை வழக்கு முடிக்கணுங்கறப்போ யாரா இருந்தாலும் சுலபமானதைத்தான் முதல்ல எடுப்பாங்க. எட்டு சாட்சி, நாற்பது ஆவணம் இருக்கற பதினஞ்சு வருஷப் பழைய கட்டைத் தொட்டா ரெண்டு மாசக் கணக்கு அடிவாங்கும். மூணு வருஷத்துல மாற்றல் வரும், கட்டு அடுத்தவருக்குப் போகும்.

என் வக்கீல் நண்பர் ஒருத்தர்கிட்ட இதையெல்லாம் சொன்னப்போ சிரிச்சார். "வாய்தாவைக் குறைச்சா ஜூனியர் என்ன சாப்பிடுவான்?"னார். விளையாட்டாச் சொன்னாலும் அதுல நியாயம் இருக்கு. ஆஜராகற நாளுக்குக் காசுன்னு இருக்கற வரைக்கும் நாள் குறையறதை யாரும் விரும்ப மாட்டாங்க. மொத்த வழக்குக்கும் கட்டம் கட்டமா ஃபீஸ் பேசிக்கற வழக்கம் வந்தா ஜூனியருக்கும் நல்லது. ஆனா அதைச் சட்டம் போட்டுக் கொண்டு வர முடியும்னு எனக்குத் தோணலை. இன்னொண்ணும் சொன்னார், அவசரப்படுத்தினா அடிபடறது ஏழை கட்சிக்காரன்தான், அவன்தான் காகிதம் தேட அலையறான்னு. ஒத்துக்கறேன். ஆனா அவன் இன்னிக்கும் அலையறான், பதினாறு வருஷமா அலையறான். தேதி முன்கூட்டியே தெரிஞ்சா எந்தெந்த நாள் கூலி வேலைக்கு லீவு போடணும்னாவது தெரியும்.

உங்க வீட்டுல யாருக்காவது கேஸ் நடந்தா சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அந்த ஜாதகத்தை ஒருதடவை பிரிண்ட் எடுங்க. எந்தத் தேதி யார் கேட்டுத் தள்ளிப் போச்சுன்னு வக்கீலைக் கேட்டுப் பக்கத்துல எழுதுங்க. எதிர்த்தரப்பு மூணைத் தாண்டியிருந்தா, அந்தத் தாளை வெச்சு செலவுத்தொகை கேட்டு ஒரு மனு போடச் சொல்லுங்க. எங்க தெரு அம்மாவுக்கு நான் எடுத்துக் கொடுத்த பிரிண்ட் அஞ்சு பக்கம் வந்துது. வக்கீல் அதைப் பார்த்துட்டு, "இதை யாரும்மா எடுத்துக் கொடுத்தா?"ன்னு கேட்டாராம். அடுத்த வாய்தாவுக்கு அதையும் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கார்.